கடல்மேல் போட்ட பழி

பெரியகல்லாற்றுக் கோணாமலையை மருந்து ஏறாத உடம்புக்காரன் என்று சொல்வார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில், வெல்லாவெளியைச் சுற்றியுள்ள வட்டைகளில் நெல்லுக்கு மருந்தடிப்பது அவன் தொழில். ஒரே பரப்பாகக் கிடக்கும் வயல்நிலத்தை அங்கே வட்டை என்பார்கள். விடிந்ததும் குருமண்வெளித் துறையில், பாதை என்று அழைக்கப்படும் மிதவையில் ஏறி, மண்டூரில் இறங்கி, சைக்கிளில் போவான். காற்று எழும்பும் முன் வேலையைத் தொடங்கிவிடவேண்டும். மற்றக் கூலியாட்கள் நாலு ஏக்கர் அடித்ததும் வரம்பில் குந்தி வாந்தி எடுப்பார்கள். கோணாமலை பத்து ஏக்கர் அடித்துவிட்டு, வாய்க்காலில் கையை அலம்பி, சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிடுவான்.

“இவன் ஒரு இரும்பன்” என்று வட்டைவிதானை நல்லரத்தினம் மற்றவர்களிடம் சொல்வார். வயற்காரர்களுக்குத் தண்ணீரும் ஆட்களும் பங்கிடும் பொறுப்பு அவருடையது. “மருந்த இவனுக்குப் பால்ல கலந்து குடுத்தாலும் ஏப்பம் விட்டுத்து நிப்பான்.”

அந்தப் பேச்சில் கோணாமலைக்குப் பெருமை இருந்தது. பெருமைப்பட வேறு அதிகம் இல்லாதவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று அகப்படுகிறது. பெரும்பாலும் அது அவர்களுக்குக் கெடுதல் செய்வதாகவே இருக்கிறது.

அவன் முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கி, ரேங், அடியில் ஒழுகும். ஒழுகல் இடுப்பில் விழும். ரேங் உரசி இடுப்புத் தோல் உரியாமலிருக்க, பழைய சாறன் ஒன்றை நாலாக மடித்து அரையைச் சுற்றிக் கட்டியிருப்பான். அந்தத் துணி நாள் முழுவதும் மருந்தைக் குடித்து ஈரமாக அடிவயிற்றோடு ஒட்டிக்கிடக்கும். குழலின் வாய் அடைத்தால் தன் வாயை வைத்து ஊதுவான். மாலையில் ஒரு முட்டி தயிர் சாப்பிட்டால் உள்ளே போனதெல்லாம் முறிந்துவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அவனும் அப்படியே செய்தான்.

இந்த வேலைக்கு அவன் வந்தது இரண்டாயிரமாம் ஆண்டில். அதற்கு முன் நெல் வெட்டுக்கும் சூடடிப்புக்கும் போகும் சாதாரணக் கூலி. அப்போது அவனுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். கம்சாயினி.

சுனாமி வந்த காலையில் கோணாமலை படுவான்கரையில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். மாரி வெள்ளாமைக்குப் பூச்சி விழுந்திருந்த நேரம். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடியபோது, குடிவெறிக் கதை என்று நினைத்து அந்த வரவையை, வரம்புக்குள் கிடந்த வயல் துண்டை, அடித்து முடித்தான். ஊருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த வீடு இல்லை. மனைவி நேசமலர் கோயில் மண்டபத்தில் மணல் அப்பிய தலையோடு படுத்திருந்தாள். கடல்நீரை நிறையக் குடித்திருந்தாள். இரண்டு நாளாக அதையே வாந்தி எடுத்தாள். கையில் பிடித்திருந்த பிள்ளையை அலை உருவிக்கொண்டு போனதாக அவள் ஒரு முறைதான் சொன்னாள். ஆறு வயது கம்சாயினி மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கிடைத்தாள்.

பிறகு கொட்டில், அதன் பிறகு ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்த வீடு. வீடு நேசமலரின் பெயரில். இங்கே வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் செய்தவன் அவளிடத்துக்கு வந்து சேருபவன். நேசமலரின் தாய் இலட்சுமிப்பிள்ளையும் அவர்களோடு இருந்தாள். ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த மற்றப் பெண்களில் ஐந்தாறு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி பிள்ளை பிறந்தது. நேசமலருக்குத் தங்கவில்லை. சண்டை படுவான்கரைக்கு வந்த வருடம் கோணாமலை கல்முனைப் பக்கம் பெரிய நிலக்காரரான உசனார் போடியாரின் வயல்களுக்கு அடித்தான். சண்டை நகர்ந்ததும் வெல்லாவெளிக்குத் திரும்பினான். ரேங்கும் அதே ரேங், துணியும் அதே மாதிரித் துணி.

பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கு இலட்சுமிப்பிள்ளையிடம் தெளிவான பதில் இருந்தது.

“அவள் கடலக் குடிச்சவள். கருப்பையில உப்புப் பிடிச்சிப் போச்சி” என்பாள். “உப்புத் தண்ணி ஏறின வட்டையில நெல்லு முளைக்குமா? அப்பிடித்தான்.”

ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. வாவிக்கரையில் உப்பேறிப் பாழான வயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும் கணக்கு. உப்பை இறக்குவதற்கு நேசமலருக்கு நாளும் இளநீர் கொடுத்தார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், தலையில் எண்ணெய் வைத்து முழுகவைத்தார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையை விட்டவள் தான் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, இன்னொரு குற்றத்தையும் தன் உடம்புக்குள் வைத்துக்கொள்வது கடினமாக இருக்கவில்லை.

கோணாமலையை யாரும் கேட்கவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தகப்பன், வயலில் இரும்பன். பெரிய காரணம் ஒன்று கண்முன் நிற்கும்போது சின்னக் காரணத்தை யாரும் தேடிப்போவதில்லை. தென்னை உயரத்துக்கு வந்த கடலுக்குப் பக்கத்தில், இடுப்பில் ஊறும் ஒரு துணி எம்மாத்திரம்!

இரண்டாயிரத்து எட்டு தொடக்கத்தில் நேசமலர் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போகத் தொடங்கினாள். இரத்தம் பார்த்தார்கள், குளிசை கொடுத்தார்கள். ஆனி மாதம் கோணாமலையும் கூடப் போனான். அன்று டொக்டர் இரண்டு துண்டுச் சீட்டு எழுதினார். ஒன்று, கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று மை ஏற்றிப் பார்ப்பதற்கு, அவளுக்கு. மற்றது, விந்துப் பரிசோதனைக்கு, அவனுக்கு. நேசமலர் வெளியே நின்றாள். துண்டுகளை வாங்கியவன் அவன்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்.

“உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயா மச்சான்?”

“பிள்ள பெத்த ஆளுக்கு என்னத்துக்காம்.”

அவ்வளவுதான். ஒரு வசனம். திட்டமிட்டுச் சொன்ன பொய் அல்ல அது; வாயில் வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்ததைத் திருப்பி எடுக்க அவனுக்கு எட்டு மாதம் இருந்தது, எடுக்கவில்லை. தன் துண்டை அடையாள அட்டையின் உறைக்குள் மடித்துச் செருகினான். வாவித் துறையில், சந்தியில், வயல் வழியில் ஆமிக்காரர் அட்டையைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் துண்டும் சேர்ந்து வெளியே வரும். ஒருமுறை ஒரு சிப்பாய் அதை விரித்துப் பார்த்தான். ஆங்கில எழுத்து. “லெட?” என்று கேட்டான். சிங்களத்தில் நோயா என்று அர்த்தம். கோணாமலை இல்லையென்று தலையாட்டினான்.

ஆவணியில் நேசமலருக்கு மை ஏற்றினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் முன் சீற்றின் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தபடியே வந்தாள். வீட்டில் இரண்டு நாள் பாயில் சுருண்டு கிடந்தாள். குழாயில் அடைப்பில்லை என்று ரிப்போட் சொன்னது.

“அடைப்பில்லாட்டி மறுகா என்ன? உப்புத்தான்” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “மையில உப்புத் தெரியுமா?”

கோணாமலை முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. மாரி வெள்ளாமை வந்தது, நாற்பத்திரண்டு நாள் மருந்தடித்தான்.

அடுத்த வருடம் பங்குனியில், வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று நேசமலருக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள். மாசி மாதத்தின் ஒரு காலையில் அவள் பையொன்றில் படுக்கைவிரிப்பும், சவர்க்காரமும், ஒரு கோப்பையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று கிழமை இருந்தது.

“இப்பயே என்னத்துக்குகா அடுக்கிறாய்?” என்று கேட்டான்.

“பயமா இரிக்கு. பைய அடுக்கினா பயம் குறையிது” என்றாள்.

அன்றைக்கு அவன் வயலுக்குப் போகவில்லை. வயல் உடுப்போடு நகரத்துக்குப் பஸ் ஏறினான்.

கிளினிக்கின் ஆய்வுகூடத்தில் இருந்தவர் கிளரன்ஸ். ஐரோப்பிய வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். துண்டை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

“இது போன வருசத்து ஆனி. வழியில பாலம் உடைஞ்சிதா?”

அவர் துண்டில் பெயரை வாசித்தார்.

“பேர் கோணாமலையா? திருகோணமலையில பிறந்த ஆளா?”

“இல்ல சேர். பெரியகல்லாறு.”

“அப்ப கல்லாறெண்டே பேர் வெச்சிரிக்கலாமே.” அவர் சிரிக்காமல் ஒரு சின்னப் போத்தலில் பெயரை எழுதி ஒட்டினார். “அந்த அறைக்குப் பூட்டு இரிக்கு. உள்ளுக்க பல்லி ஒண்டு இரிக்கி, அது ஒருத்தருக்கும் சொல்லாது. நான் ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைக்கிறன்.”

ரேடியோவில் வன்னிச் சண்டைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. கோணாமலை ஐந்து நிமிடத்தில் வெறும் போத்தலோடு வெளியே வந்தான்.

“ஏலாது சேர்.”

“செய்தி கேட்டா ஆருக்குத்தான் ஏலும்? என்ட பிழை. பாட்டுப் போடுறன், போங்க.”

அந்தப் பழைய ஆளிடம் அனுதாபம் என்று சொல்லக்கூடியது எதுவும் தெரியவில்லை. வருகிறவர்களெல்லாம் ஒரே மாதிரி வெட்கப்படுவதைப் பல வருடமாகப் பார்த்தவரின் அலுப்புத்தான் தெரிந்தது. அதுவே கோணாமலைக்கு உதவியாக இருந்தது.

ரிப்போட்டை டொக்டர் இரண்டு முறை வாசித்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“இருபது மில்லியனுக்கு மேல இருக்கவேண்டிய இடத்தில நாலுதான் இருக்கு. அதிலயும் ஓடுறது குறைவு. என்ன வேலை செய்யிறீர்?”

“வயலுக்கு மருந்தடிக்கிறன் ஐயா.”

“எத்தினை வருசம்?”

“ஒம்பது.”

“கையுறை, முகமூடி ஏதும்?”

கோணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேங்கைப் பற்றியும் இடுப்புத் துணியைப் பற்றியும் சொன்னான். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அதால வந்ததா ஐயா?”

“அதுதான் எண்டு நான் எழுதித் தரமாட்டன். உம்மட விசயத்தில ஆராலயும் உறுதியாச் சொல்லேலாது. ஆனா இப்பிடியான சில மருந்துகளோட புழங்கிற ஆம்பிளையளுக்கு விந்து குறையிறதை ஆராய்ச்சிக்காரர் கண்டிருக்கினம். பிளாஸ்ரிக்கில கலக்கிற சில சாமான்களிலயும் சந்தேகம் இருக்கு. வயலுக்குச் சோறு எதில கட்டிக்கொண்டு போறீர்?”

“லஞ்ச் சீற்றில. அந்தப் பொலித்தீன் தாள்ல.”

“சுடச்சுடவோ?”

“ஓம்.”

“அதையும் விட்டால் நல்லது.”

“அப்ப எதிலதான் ஐயா திங்கிற?”

“உங்கட ஊரில வாழை குலை மட்டுமோ போடுது? இலை விடாதோ?” அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். “விந்து புதுசா உருவாக மூண்டு மாசம் போல செல்லும். ஆறு மாசம் மருந்துப் பக்கம் போகாமல் இருந்துபோட்டு வாரும். கூடினாலும் கூடும். கூடாமலும் விடும். மனிசிக்குக் குறிச்ச நாளை இப்போதைக்கு நிப்பாட்டுவம்.”

கோணாமலை எழும்பவில்லை.

“ஐயா, கடல் தண்ணி குடிச்சா பொம்புளைக்குக் கருப்பையில உப்புப் பிடிக்குமா?”

“நாலு வருசத்துக்கு முந்திக் குடிச்ச தண்ணியோ? அது நாலு நாளில போயிருக்கும்.”

அன்று மாலை நேசமலர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கோணாமலை கிணற்றுக்கட்டில் ரிப்போட்டையும் துண்டையும் வைத்து, அவை பறக்காமல் சவர்க்காரப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, டொக்டர் சொன்னதை முழுவதும் சொன்னான். நாலு என்றும் இருபது என்றும் சொன்னான். அவள் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. ஈரக் கையால் துண்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

“இது ஆனியில தந்ததா?”

“ஓம்.”

“ஆவணியில நான் போய்ப் படுத்தன்.”

“ஓம்.”

“என்னோட வந்தீங்களே மச்சான். வெளிய வாங்கில இரிந்தீங்களே. நான் கத்தினது கேட்டிச்சா?”

“கேட்டிச்சி.”

அவள் துண்டைத் திருப்பி வைத்துவிட்டுத் தோய்க்கத் தொடங்கினாள். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம், சாப்பாடு வைத்திருக்கு, அம்மா கூப்பிடுறா என்பதற்கு மேல் அவனோடு பேசவில்லை. கோணாமலை மருந்தடிக்கப் போவதை நிறுத்தினான். வீதி போடும் வேலைக்குப் போனான். பிறகு கேட்டபோது தார்ச் சூட்டையும் டொக்டர் வேண்டாமென்றதால் அதையும் விட்டு, அத்தாங்கு என்ற கைவலையை எடுத்துக்கொண்டு வாவியில் இறால் பிடிக்கப் போனான். வருமானம் பாதியாகிவிட்டது. அவனை நல்லவன் என்று சொல்ல இதெல்லாம் போதாது. தாமதமாகச் செய்யப்பட்ட சரியான காரியத்துக்குச் சரியான காரியத்தின் முழுப் பெறுமதி கிடையாது. இலட்சுமிப்பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அயலட்டைப் பெண்களிடம் உப்புக் கதையை அவள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நேசமலர் அதைக் கேட்டபடியே இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் சண்டை முடிந்தது. சந்தியில் ஆமிக்காரர் வென்றதற்குப் பால்சோறு கொடுத்தார்கள். யாரும் மறுக்கவில்லை. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதே நாட்களில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து வருடச் சடங்கு தொடங்கியது. நேர்த்தி வைத்தவர்கள் ஏழு வீட்டில் மடியேந்தி அரிசி வாங்கி, அதை அம்மனுக்குப் பொங்கலுக்குக் கொடுப்பது வழக்கம், மடிப்பிச்சை என்பார்கள். யாருக்குக் குறையோ அவர்தான் மடியேந்தவேண்டும். முந்தைய இரண்டு வருடமும் நேசமலர் ஏந்தியிருந்தாள். இந்த முறையும் இலட்சுமிப்பிள்ளை புதுத் துணி வாங்கி, மஞ்சளில் தோய்த்துக் காயவைத்திருந்தாள்.

“வா மகள், வெயில் ஏறமுந்திப் போயித்து வருவம்.”

நேசமலர் அசையவில்லை. கோணாமலையைப் பார்த்தாள்.

“இந்த முறை நான் போகல்ல. போகவேண்டிய ஆள் போகட்டும்.”

“ஆருடி போகவேண்டிய ஆள்?”

கோணாமலை கொடியிலிருந்து துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். இலட்சுமிப்பிள்ளை அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மருமகன், உங்களுக்கென்ன விசரா? பிள்ளைக்கு வைச்ச நேத்தி இது.”

“ஓம் மாமி. குறை என்னிலதான். டொக்டர் பாத்துச் சொல்லிட்டார். அவளில உப்புமில்ல ஒண்டுமில்ல.”

இலட்சுமிப்பிள்ளை துணி காயவைத்த இடத்திலேயே நின்றாள். அவன் படலையைத் திறந்துகொண்டு போனபோது, அவளும் வழக்கப்படி துணைக்கு நடக்கத் தொடங்கினாள். ஆனால் பத்து அடி பின்னால்.

முதல் வீட்டுக்காரி அவனைக் கண்டதும் அரிசி அளக்கும் சுண்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

“என்ன கோணாமலை, மனிசிக்குச் சுகமில்லையா? நீ வந்திரிக்காய்?”

“நேத்தி எனக்குத்தான் அக்கா.”

“உனக்கென்ன நேத்தி? நீதான் இரும்பனாச்சே.”

“இரும்பு துருப்பிடிச்சிப் போச்சி. பிள்ள இல்லாதது என்னாலதான்.”

உள்ளேயிருந்து யாரோ இளம்பெண் சிரித்தது கேட்டது. “அப்ப சேலையும் கட்டித்து வந்திரிக்கலாமே மாமா” என்றாள். வீட்டுக்காரி திரும்பி அவளை அதட்டிவிட்டு, அரிசியை மடியில் போட்டாள். இரண்டாம் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. செய்தி அதற்குள் வேலி தாண்டியிருந்தது. ஐந்தாம் வீட்டுக்காரியின் மகனும் மருந்தடிக்கிறவன், கல்யாணம் முடித்து நாலு வருடம். அவள் மடியில் அரிசியைப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்தப் பரிசோதனை எங்க செய்யிற தம்பி? நோகுமா?”

“ஆம்புளைக்கு நோகாது அக்கா.”

ஏழு வீடும் முடிந்து கோயிலுக்குப் போகும்போதுதான் இலட்சுமிப்பிள்ளை அவன் பக்கத்தில் வந்தாள். “நான் அவள்ர கருப்பையைப் பத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்” என்றாள். அவனைக் குற்றம் சொல்கிறாளா, தன்னையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

புரட்டாதியில் மறுபடி போத்தல். கிளரன்ஸ் கேட்காமலே பாட்டைப் போட்டார். இந்த முறை ஒன்பது. டொக்டர் அது நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கூடியிருக்கிறது, போதாது, இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். நேசமலருக்கு அந்த மாதம் முப்பத்தேழு முடிந்திருந்தது.

மாரி விதைப்புக்கு முன் ஒரு காலை நல்லரத்தினம் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். நேசமலர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க புள்ள அவன்? புது ரேங் வாங்கியிரிக்கம், ஒழுகாது. கையுறையும் இரிக்கு. அவன் இல்லாம வட்டையில வேல ஓடாது.”

“அவர் வரமாட்டார்.”

“ஒரு போகம்தான். பிள்ள கிடைக்குமெண்டு டொக்டர் சொல்லிட்டாரா?”

“இல்ல.”

“மறுகா என்னத்துக்கு இந்தப் பாடு?”

“கிடைக்காதெண்டும் சொல்லல்ல.”

நல்லரத்தினம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அவன்ட வாயால சொல்லட்டுமே” என்றார்.

“அவர்ர வாயால வாறதுக்கு எட்டு மாசம் செல்லும். நான் சொல்லுறன், வரமாட்டார்.”

மோட்டார் சைக்கிள் போனபின் நேசமலர் வீட்டின் பின்பக்கம் வந்தாள். கோணாமலை அத்தாங்கின் கிழிசலைப் பார்த்தபடி குந்தியிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான்.

“உங்களுக்காகச் சொன்னனெண்டு நினைக்காதீங்க” என்றாள். “எனக்குப் பிள்ள வேணும். அந்த ஆவணிய நான் மறக்கல்ல.”

“ஓம்” என்றான் கோணாமலை.

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்முற்றத்துக்குப் போனாள். பாதி முற்றம் இன்னும் கூட்டாமல் கிடந்தது.